சங்கு ஊதிய நண்டு

இனி வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ராயபுரத்து மாதா கோயில் மணி, திருவொற்றியூர்த் தேர்வடம், தண்டையார்ப்பேட்டைத் தர்காவின் பச்சைக் கொடி, மூன்றின் மேலும் சத்தியம். ஒன்று ஏமாந்து போனாலும் மற்ற இரண்டும் சும்மா விடாது என்று தெரிந்தே செய்த சத்தியம் இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் தண்டையார்ப்பேட்டையில் கமாலுதீன் பாய் என்று ஒருவர் இருந்தார். கல்யாணங்களுக்கு வாடகை வண்டி ஓட்டுவது தொழில். வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய லாயத்தில்தான் மோட்டார் நிற்கும். எந்தத் துரை வாங்கி, எந்த ஜமீன் ஓட்டி, எந்த மார்வாடி வெறுத்துத் தள்ளிவிட்ட வண்டியோ, பாயிடம் வந்து சேர்ந்திருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் ரயில் பாலத்து மேடு வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். சவாரி வந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். மேட்டின் உச்சியில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். தள்ளியதற்கும் சேர்த்து வாடகை கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்து ஜனங்கள் அப்படி.

பாயின் தோஸ்து சின்னப்பையன். ராயபுரம் கடற்கரையில் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிற வேலை அவனுக்கு. பிறந்தபோது வைத்த பெயர், காதோரம் நரைத்த பிறகும் மாற்ற வழியில்லை. இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் சகுனத்தில் தவறிப் போயிருந்தன. மூன்றாவதாகக் காலடிப்பேட்டையில் சிவந்தி என்ற பெண் அமைந்தாள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மாப்பிள்ளை மோட்டாரில் வர வேண்டும். தள்ளிக்கொண்டு வரக் கூடாது. அவளுடைய சித்தி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வண்டி தள்ளி, கன்னத்தில் மசியோடு மணையில் உட்கார்ந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அந்த வண்டியும் கமாலுதீன் பாயுடைய வண்டிதான்.

சின்னப்பையன் வந்து லாயத்து வாசலில் நின்றான். இந்த இடமும் தவறினால் இனி ஒருத்தனும் தனக்குப் பெண் காட்ட மாட்டான் என்றான். பாய் மீசையைத் தடவிக்கொண்டு, மேடென்ன, மலையானாலும் தள்ளாமல் கொண்டுபோய் இறக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பதில் பாய்க்கு எப்போதும் மேடு கிடையாது.

வாக்கைக் காப்பாற்றுகிற வேலை தேசப்பனிடம் போனது. வியாசர்பாடிக்காரன், ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். பானெட்டைத் திறந்து பார்த்தவன், நாலு சிலிண்டர் புகையும் ஒரே குழாய் வழியாக முட்டி மோதிக்கொண்டு வெளியே வருவதுதான் கோளாறு என்றான். கொட்டகையில் ஆட்டம் முடிந்து அத்தனை கூட்டமும் ஒற்றைக் கதவில் அடைத்துக்கொள்வது மாதிரி. ஆளுக்கொரு கதவு வைத்துவிட்டால் தாராளமாகப் போகும். வண்டிக்கு இன்னும் நாலு குதிரை சக்தி கூடும். பம்பாயில் எல்லா வண்டிக்கும் இப்போது இதுதானாம். பம்பாய் என்றதும் பாய் தலையாட்டிவிட்டார்.

துறைமுகத்தில் உடைத்துப் போட்ட நீராவிப் படகின் குழாய்களை வளைத்து, நாலு காலும் ஒரு வயிறுமாகத் தேசப்பன் ஒன்றைச் செய்து கொண்டுவந்தான். நாலு காலின் நுனியையும் ஒரே முகத்தகட்டில் பற்றவைத்திருந்தான். அந்தத் தகடுதான் என்ஜினில் உட்கார்ந்து போல்ட்டில் இறுகும். பாயின் மனைவி ரஹீமுன்னிசா எட்டிப் பார்த்துவிட்டு, எண்ணூர் நண்டை எதுக்கு வண்டிக்குள்ளே வைக்கிறீங்க என்று கேட்டாள். அன்றிலிருந்து அதற்கு நண்டு என்றே பெயர்.

நண்டை மாட்டிய அன்று வண்டி பாலத்து மேட்டை ஏறியது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பாலத்தைத் தாண்டியது. உச்சியில் நாலு சக்கரமும் தரையை விட்டன. கீழே போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் கார்டு நிமிர்ந்து பார்த்துச் சலாம் வைத்தார். அந்தப் பக்கம் வந்து இறங்கிய பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அதற்குள் பானெட்டுக்கு அடியிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டது. வீட்டுக்கு வருவதற்குள் அது 'பட் பட்' ஆகி, லாயத்தில் நிறுத்தும்போது அக்கம்பக்கத்துக் கோழிகள் எல்லாம் முட்டையை விட்டுவிட்டு எழுந்து ஓடின.

லீக்கு. தகட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே புகை கசிகிறது.

தேசப்பன் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இறுக்கினால் சரியாகப் போகிறது என்று ஸ்பானரை எடுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இறுக்கினான். முதல் கால் வாயை மூடியது. நாலாவது கால் திறந்தது. நாலாவதை இறுக்கினான், இரண்டாவது பேச ஆரம்பித்தது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டினார்கள். புகை ஆடுகிற இடத்தில் லீக்கு என்று கணக்கு. எல்லா இடத்திலும் ஆடியது. ரஹீமுன்னிசாவின் ஊதுபத்தி தீர்ந்ததுதான் மிச்சம். பாய்க்கு இரண்டு கையிலும் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியாமல் அவர் தட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் தெருவே யோசனை சொல்ல ஆரம்பித்தது. மோட்டாரில் ஏறியே பழக்கமில்லாத ஆட்கள், பானெட்டுக்குள் தலையைவிட்டு, புளியை அப்பு, களிமண்ணை அப்பு, சாக்கைத் திணி என்றார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கையோடு எடுத்துவந்து தடவிவிட்டே போனார் ஒருவர். யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நாளைக்கு அவர்கள் வீட்டிலும் கல்யாணம் வரும். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஷுக்ரியா, ஷுக்ரியா என்று சொல்லியே தாடை வலி கண்டார்.

கடைசியில் மாப்பிள்ளையே ஒரு யோசனையோடு வந்தான். கடல் தண்ணீரையே உள்ளே விடாமல் நிறுத்துகிறவன் நான், கேவலம் புகை என்ன புகை என்று சொல்லி, படகுக்குப் போடுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சில் தோய்த்து, மூட்டு மூட்டாக அடித்துத் திணித்தான். சத்தம் நின்றது. பாய் அவனைக் கட்டிக்கொண்டார்.

குங்கிலியம் சூடானால் மணக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது. வண்டி தெருவில் இறங்கியதும் பானெட்டின் நாலு பக்கமும் வாசனைப் புகை கிளம்பியது. வண்ணாரப்பேட்டையில் சந்தனக்கூடு வருகிறது என்று தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். கொருக்குப்பேட்டையில் அம்மன் வருகிறாள் என்று தேங்காய் உடைத்தார்கள். கைக்குழந்தைகளை நீட்டி, பாய், கொஞ்சம் புகை காட்டுங்க என்று வழி மறித்தார்கள். துறைமுகத்துக்குக் கிளம்பிய வண்டி, குழந்தைகளுக்கு மந்திரித்து மந்திரித்தே பொழுது சாய்ந்து வீடு திரும்பியது. அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்கும் அதற்குப் பிறகு சளியே பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் குங்கிலியம் முழுவதும் உருகி ஒழுகிவிட்டது. ஒழுகியதில் மூன்றாவது காலின் அடியில் மட்டும் கொஞ்சம் தங்கி, ஓட்டையைச் சுருக்கி, விசில் வாய் மாதிரி ஆக்கிவிட்டது. காலடிப்பேட்டைக்கு அப்பால் சாலையோரம் அப்போது ஓர் எண்ணெய் ஆலை இருந்தது. அதன் வழியாகப் பாய் போகும்போது மணி மூன்று. வண்டி ஊதியது.

ஆலையில் வேலை முடிந்ததும் சங்கு ஊதும். சங்கு என்றால் நீராவிச் சங்கு. கொதிகலனுக்கு மேலே இருக்கும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் எண்ணூர் வரை கேட்கும். பாயின் வண்டி ஊதியது அச்சு அசல் அதே சத்தம். உள்ளே அத்தனை பேரும் போட்டதைப் போட்டபடி கைகழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐந்து மணிக்கு நிஜச் சங்கு ஊதியபோது கேட்பதற்கு மானேஜரைத் தவிர ஆள் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள், சங்கு தப்பாக ஊதினால் இனி வேலை கிடையாது என்று மானேஜர் கயிறு இழுக்கிற ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

கயிறு இழுக்கிற ஆள் மண்ணாங்கட்டி. சிவந்தியின் அப்பா.

மண்ணாங்கட்டி கயிற்றைத் தொடவே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். ஒருவரும் நம்பவில்லை. ஒரு மத்தியானம் கேட்டுக்கு வெளியே மறைந்து நின்று பார்த்தார். தூரத்தில் தூசி, தூசிக்குள் மோட்டார், மோட்டாருக்குள் கமாலுதீன் பாய், பாய்க்குப் பக்கத்தில் வருங்கால மாப்பிள்ளை; எல்லாவற்றுக்கும் முன்னால் சங்குச் சத்தம். அவர் நடு ரோட்டில் வந்து கையை விரித்து நின்றுவிட்டார்.

"பாய், இதுல ஏறிகினுதான் மாப்ள வரப் போறாரா?"

ஆமாம் என்றார் பாய்.

"சங்கு எங்க ஊதும்னு ஒனக்குத் தெரியுமா? ஆலைல ஊதும். இல்லாங்காட்டி பாடைக்கு முன்னால ஊதும். என் பொண்ணு கல்யாணம் ஆலையா, பாடையா? நீயே சொல்லு."

சின்னப்பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மண்ணாங்கட்டி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இந்தச் சங்கு அடங்குற வரிக்கும் பொண்ணு கெடையாது. மோட்டார் இல்லாம வந்தா எம்பொண்ணு ஒத்துக்க மாட்டா. மோட்டாரோட வந்தா நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. சின்னப்பையன் திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். சங்குச் சத்தத்தில் பாய்க்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அந்த வாரம் பாய் நண்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே கிடந்தார். கழற்றும்போது சரியாகத்தான் இருந்தது. மாட்டும்போதும் சரியாகத்தான் இருந்தது. ஹாண்டிலைச் சுற்றி என்ஜினைக் கிளப்பினால் சங்கு. இடுக்கை அடைக்கப் புதுக் கேஸ்கெட் அட்டை வெட்டிப் போட்டார்கள், கருகியது. இரண்டு கேஸ்கெட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள்; இரண்டும் கருகின. தேசப்பன் தன் பங்குக்கு, என்ஜின்மேல்தான் தப்பு, என் நண்டு மேல் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் பாய் ஸ்பானரைத் தூக்கி லாயத்துச் சுவரில் எறிந்தார். அது திரும்பி வந்து அவர் கால் மேலேயே விழுந்தது. நல்ல இரும்பு.

ரஹீமுன்னிசா அப்போது பின்கட்டில் பிரியாணித் தேக்சாவைத் தம்முக்கு மூடிக்கொண்டிருந்தாள். விளிம்பைச் சுற்றி மைதா மாவை உருட்டி அப்பியும் ஒரு பக்கம் ஆவி சீறிக்கொண்டே இருந்தது. பாய் தாவிப் போய், இன்னும் மாவு வை, இன்னும் மாவு வை என்று அவளுக்கு யோசனை சொன்னார். ஒரு வாரமாகத் தெரு தனக்குச் செய்ததை யாருக்காவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று இருந்ததோ என்னவோ.

"மூடி நெளிஞ்சி கீது," என்றாள் அவள். "நெளிஞ்ச மூடிக்கு மூட்டை மாவு அப்புனாலும் தம்மு நிக்காது. மொதல்ல மூடிய தட்டி நேராக்கணும். ஒங்களுக்கு வண்டியும் தெரியல, அடுப்பும் தெரியல."

பாய் அந்த நெளிந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே ஓடி, கல்யாணத்துக்கு அவள் வீட்டில் சீராக வந்த நிலைக்கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினார். ரஹீமுன்னிசா என்ன கத்தினாள் என்பது இங்கே தேவையில்லை. கண்ணாடியில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, நண்டின் முகத்தகட்டை அதன் மேல் வைத்து எடுத்தார்கள். இரண்டு கோடியில் மட்டும் கரி ஒட்டியிருந்தது. நடுவில் சுத்தமாக இல்லை. பற்றவைத்த சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்து போயிருந்தது.

தேசப்பன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பம்பாய்ல நேராத்தான் இருந்திருக்கும், பாய்," என்றான்.

சொல்லிவிட்டு அரத்தை எடுத்தான். கரி ஒட்டிய இடத்தை ராவுவது, மறுபடி கண்ணாடியில் வைப்பது, மறுபடி ராவுவது. தகடு முழுக்கக் கரி ஒட்டும் வரை ராவினார்கள். பிறகு செப்புத் தகடு வைத்த கேஸ்கெட்டைப் போட்டு, இந்தத் தடவை நடுப் போல்ட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கி, என்ஜினைச் சூடாக்கி, ஆறவிட்டு, இன்னொரு தடவை இறுக்கினார்கள். வண்டி பால் குடித்த பூனை மாதிரி இருந்தது. ஊதுபத்திப் புகை நூல் பிடித்தமாதிரி நேரே மேலே போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பட்ட பாட்டில் பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, கோட்டைச் சுவருக்குப் பூசுகிற அதே பக்குவத்தில் மூட்டு, போல்ட்டு, நட்டு எல்லாவற்றையும் மூடிப் பூசிவிட்டார். அது காய்ந்து கல்லாகிவிட்டது. இனி உலகம் அழிகிற கயாமத்து நாள் வரை நீ வாயைத் திறக்கக் கூடாது என்று நண்டிடம் சொல்லிவிட்டுப் பானெட்டை மூடினார்.

முகூர்த்தம் காலையில். ஏழு மணிக்குள் தாலி ஏறிவிட வேண்டும். மண்ணாங்கட்டிக்கு முந்தின இரவு ஷிப்டு. ஏற்கெனவே கெட்ட பெயர் என்பதால் லீவு கேட்க முடியாது. காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதிவிட்டு நேரே மணவறைக்கு வருவதாக ஏற்பாடு. பெண் வீட்டு ஆண்கள் பாதிப்பேர் அதே ஷிப்டில்தான். விடிந்தும் விடியாமலும் மாப்பிள்ளையோடு வண்டி கிளம்பியது. பாய் சரிகைத் தொப்பி, தேசப்பன் சலவை வேட்டி. பாலத்து மேட்டை ஒருவரும் இறங்காமல், ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி இறங்கியது. சின்னப்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாமனாரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆலை வாசலில் நிறுத்தினார்கள். ஆறு தாண்டிவிட்டது. கேட்டு மூடியே இருந்தது. உள்ளே ஒரே கூச்சல். மதில் மேல் மண்ணாங்கட்டியின் தலை தெரிந்தது.

"பாய், சங்கு வெடிச்சிப் பூட்ச்சி."

வெடித்தால் என்ன, வெளியே வர வேண்டியதுதானே என்று பாய் கேட்டார். வர முடியாதாம். போன வாரம் நடந்த கூத்துக்குப் பிறகு மானேஜர் உத்தரவு: சங்குச் சத்தம் காதில் விழாமல் கேட்டைத் திறந்தால் காவல்காரனுக்கு வேலை போகும். காவல்காரன் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, காதில் விழவில்லையே என்று நிதானமாகச் சொன்னான். மானேஜர் எட்டு மணிக்குத்தான் வருவார்.

மண்ணாங்கட்டி குரலைத் தாழ்த்தினார்.

"ஒன் வண்டிய ஒரே ஒரு தபா ஊதேன், பாய்."

பாய் மதிலைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்து அல்லாவிடம் என்னவோ கேட்டார்.

பிறகு பானெட்டைத் திறந்தார்.

என்ஜினை முடிந்தமட்டும் முடுக்கினார்கள். பூனை. தேசப்பன் ஸ்பானரை மாட்டி வேட்டி அவிழும்வரை திருகினான். ஒரு நட்டு அசையவில்லை. சுண்ணாம்பைக் கொத்தினார்கள், பொறி பறந்தது, பூச்சு அப்படியே இருந்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வந்து கடப்பாரையைப் பிடித்தான். கன்னத்தில் மசி ஏறியது. உள்ளேயிருந்து பெண் வீட்டார் மதில் மேல் வரிசையாக ஏறி நின்று, புளியை எடு, களிமண்ணை எடு, சாக்கை எடு என்று யோசனை சொன்னார்கள். ஆறே முக்கால் ஆகிவிட்டது.

"ஊதாதேன்னா ஊதற," என்றார் பாய் நண்டைப் பார்த்து. "ஊதுன்னா ஊத மாட்டேன்ற. ஒனக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்?"

சொல்லிவிட்டு ஹாண்டிலை இரண்டு கையாலும் ஓங்கி நண்டின் மேல் ஒரே போடு போட்டார்.

பூச்சு பிளந்தது. நண்டு நாலு காலையும் திறந்தது. அப்போது கிளம்பிய சத்தத்தில் காவல்காரன் இடுப்பிலிருந்து சாவி தானாக அவிழ்ந்து விழுந்தது. கேட்டு திறந்தது. அந்த ஆலைக் கேட்டு மட்டும் அல்ல, சாலையில் இருந்த எல்லா ஆலைக் கேட்டும் திறந்தன. துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று பதிலுக்கு ஊதிவிட்டுக் கொழும்புக்குக் கிளம்பிவிட்டது. இரவு ஷிப்டு மொத்தமும் வண்டியின் பின்னால் ஓடிவர, மண்ணாங்கட்டி பாயின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் தாலி ஏறியது. கெட்டிமேளம் ஒருவர் காதிலும் விழவில்லை. மசி அப்பிய மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்த சிவந்தி, தள்ளினீங்களா என்று மட்டும் கேட்டாள். இல்லை, ஊதினோம் என்றான் அவன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆலைக்குப் புதுச் சங்கு சீமையிலிருந்து வரும் வரை வேளாவேளைக்கு வாசலில் வந்து ஊதிவிட்டுப் போகும்படி மானேஜரே பாயைக் கேட்டுக்கொண்டார். பாயும் ஊதினார். புதுச் சங்கு வந்த பிறகும், பழையதில்தான் சுருதி சுத்தம் என்று ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கமாலுதீன் பாயிடம் முதலிலிருந்து கடைசி வரை இருந்தது ஒற்றைக் குதிரை ஜட்கா வண்டி மட்டும்தான்.